பூனைக்குச் சர்க்கரைப் பாகு பலிக்காது

கேள்வி: டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பொடித்து, சர்க்கரைப் பாகில் குழைத்துப் பூனைக்கு ஊட்டுகிறேன். வாயில் நுரை தள்ளத் துப்பிவிடுகிறது. முன்பு வளர்த்த நாய் இப்படிக் கொடுத்தால் நக்கிவிடும். அதோடு, வேறொரு பூனை சிறுநீர் கழித்த இடத்தை முகர்ந்துவிட்டு, வாயைத் திறந்தபடி முகத்தைச் சுளிக்கிறது. மருந்துக் கசப்பு இன்னும் போகவில்லையா?

பதில்: நுரைக்குக் காரணம் கசப்புதான். பாகு அதை மறைக்கவே இல்லை, ஏனென்றால் பூனைக்கு இனிப்பே தெரியாது.

இனிப்பை உணரும் ஏற்பி (நாக்கில் சுவையைப் பிடிக்கும் உணரி), டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து உருவாவது. நாய்க்கும் நமக்கும் இரண்டும் உண்டு. பூனைக் குடும்பத்தில் டி1ஆர்2 மரபணு செத்துக் கிடக்கிறது. அதில் 247 டிஎன்ஏ எழுத்துகள் அறுந்து போயிருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். சிங்கமும் புலியும் இதே கதைதான். இறைச்சியை மட்டுமே தின்று வாழும் விலங்குக்கு அந்த இழப்பு உறைக்கவில்லை. பூனை ஐஸ்கிரீம் நக்குகிறதே என்பீர்கள். அது கொழுப்புக்காக.

கசப்பை உணரும் டி2ஆர் ஏற்பிகள் மட்டும் பூனைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆகவே, மாத்திரையைப் பொடித்ததில்தான் கோளாறு. முழுதாக இருந்தால் நாக்கில் படும் பரப்பு குறைவு. பொடித்தால் கசப்பு வாயெங்கும் பரவும். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டி1ஆர்3, டி1ஆர்1 என்ற வேறொரு புரதத்துடன் சேர்ந்தால் இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பி. அது பூனையிடம் நன்றாக இருக்கிறது. அதனால் மாத்திரையைச் சிறு மீன் துண்டுக்குள் பொதிந்து, முதலில் மருந்தில்லாத துண்டு ஒன்று, அடுத்து மருந்துத் துண்டு, உடனே இன்னொரு வெறும் துண்டு என்று கொடுத்துப் பாருங்கள். முழுச் சாப்பாட்டிலும் கலக்காதீர்கள், அந்த உணவையே வெறுத்துவிடும். வெறும் மாத்திரையாக விழுங்க வைத்தால், பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்; டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்றவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

முகச் சுளிப்புக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் இரண்டு நுண்துளைகள் உண்டு. அவை மணத்தை உணரும் ஜேக்கப்சன் உறுப்புக்குப் போகும் வழி. அங்கே இருக்கும் வி1ஆர் ஏற்பிகள் ஃபெரோமோன்களை, அதாவது விலங்குகள் தம் இனத்துக்குச் செய்தி சொல்ல வெளியிடும் வேதிப்பொருள்களை, படிக்கின்றன. வாயைத் திறந்து நிற்கும்போது பூனை மணத்தை அந்தத் துளைகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. வந்து போனது யார், ஆணா பெண்ணா என்று விசாரிக்கிறது. குதிரையும் ஆட்டுக்கடாவும் உதட்டை மேலே சுருட்டுவதும் இதற்காகத்தான். நமக்கு அந்த உறுப்பின் செய்தியைக் கடத்தும் டிஆர்பிசி2 மரபணுவே செயலிழந்துவிட்டது.

ஆனால் மருந்தும் கொடுக்காமல், எதையும் முகராமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வேறு விஷயம். அன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.