கிராமத்து வீட்டில் வானம் தோண்டும்போது: தொல்லியல் கண்காணிப்பு, கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், சஃபோக், நார்ஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமங்களில் வீட்டு வேலைக்காக வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் தொழில். லண்டனை விட்டுக் கிராமத்துப் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் இப்போது கூடிவிட்டார்கள், அதனால் இது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: அக்கா, சஃபோக்கில் ஒரு பழைய வீடு வாங்கினோம். பின்பக்கம் சமையலறையை நீட்ட பிளானிங் பர்மிஷன் வந்துவிட்டது, ஆனால் தொல்லியல் கண்காணிப்புக்கு ஒப்புதல் வாங்காமல் வேலையே தொடங்கக் கூடாது என்று ஒரு கண்டிஷன். எங்கள் வீடு ஒன்றும் அரண்மனை இல்லையே?

வீட்டைப் பார்த்து அந்தக் கண்டிஷனைப் போடுவதில்லை, வீடு நிற்கும் இடத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தொல்லியல் பதிவேடு உண்டு. எந்த வயலில் ரோமானிய ஓடு கிடைத்தது, எங்கே பழைய அகழி இருந்தது, யார் தோட்டத்தில் நாணயம் வந்தது எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் விண்ணப்பம் போட்டதும் கவுன்சிலுக்கு (அனுமதி தரும் உள்ளாட்சிக்கு) ஆலோசனை சொல்லும் தொல்லியலாளர் அதைப் புரட்டிப் பார்ப்பார். தேவாலயத்துக்குப் பக்கத்து மனை, ஊர்ப் பொதுப் புல்வெளியின் ஓரம், பழைய தெருவை ஒட்டிய இடம் என்றால் அங்கே ஆயிரம் வருடமாகவாவது யாராவது குடியிருந்திருக்க வாய்ப்பு உண்டு, அதனால்தான் கண்டிஷன். சின்ன வேலைக்கு முழு அகழாய்வு கேட்பது அநியாயம் என்பது அவர்களுக்கும் தெரியும். வானம் தோண்டும்போது ஒருவர் நின்று பார்த்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு தொல்லியல் நிறுவனத்தைப் பிடிப்பது. என்ன செய்யப் போகிறோம், எப்படிப் பதிவு செய்வோம் என்று அவர்கள் ஒரு திட்ட ஆவணம் எழுதுவார்கள், கவுன்சில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் மண்ணில் கை வைக்கலாம். இந்தக் கடிதப் போக்குவரத்துக்குச் சில வாரம் ஆகும், ஆகவே பில்டரிடம் தேதி சொல்வதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

கே: காசு யார் கொடுப்பது? கவுன்சில்தானே கேட்கிறது?

நீங்கள்தான். 1990 நவம்பரில் பிபிஜி 16 என்ற அரசு வழிகாட்டுதல் வந்ததிலிருந்து இதுதான் வழக்கம்: மண்ணைக் கலைக்கிறவர் யாரோ அவரே பதிவு செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். அந்த ஆவணம் 2010இல் போய்விட்டது, 2012இல் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம் வந்தது, ஆனாலும் கொள்கை அதேதான். ஒரு ஆள் ஒரு நாள் வந்து நிற்கச் சில நூறு பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட ஆவணம், அறிக்கை, பொருள்களை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்பது இதற்கெல்லாம் தனி. இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ரொம்பக் குறைவாகச் சொல்கிறவரிடம் அறிக்கையும் காப்பகக் கட்டணமும் சேர்ந்ததா என்று கட்டாயம் கேளுங்கள், பின்னால் தலைவலி வருவது அங்கேதான்.

கே: அன்றைக்கு வந்து என்னதான் செய்வீர்கள்? பில்டர் "சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்" என்கிறார்.

பாதி நேரம் அப்படித்தான் தெரியும், மறுக்கவில்லை.

மினி டிக்கர் (மண் தோண்டும் சின்ன இயந்திரம்) வரும்போது பல் இல்லாத தட்டையான பக்கெட் வேண்டும், முன்கூட்டியே பில்டரிடம் சொல்லிவிடுங்கள். பல் வைத்த பக்கெட் மண்ணைக் கீறிக் குதறிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. தட்டையான பக்கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போனால் முதலில் கறுப்பு மேல்மண், அதற்குக் கீழே பழுப்பாக ஒரு அடுக்கு, அதற்கும் கீழே மனிதர் கை படாத மஞ்சள் களிமண்ணோ மணலோ வரும். எங்களுக்கு முக்கியமான நேரம் அந்தக் கடைசி மண் தெரியும் நேரம். அந்த மஞ்சள் மண்ணில் கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு வட்டமோ பட்டையோ தெரிந்தால் யாரோ எப்போதோ அங்கே குழி வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குப்பைக் குழி, மரத்தூண் நட்ட குழி, மனை எல்லையாக ஓடிய வாய்க்கால், இவைதான் கிராமங்களில் அதிகம் வருவது.

தெரிந்ததும் டிக்கரை நிறுத்தச் சொல்லி, கொத்தனார் கரண்டியால் சுத்தம் செய்து, பாதியை மட்டும் வெட்டிக் குறுக்குவெட்டைப் பார்ப்போம். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு குழிக்கும் தனி எண் உண்டு. அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, 1:10 அல்லது 1:20 அளவில் வரைந்து, பானை ஓடுகளையும் எலும்பையும் அந்த எண்ணோடு பையில் போட்டு வைப்போம். கரி கலந்த நல்ல குழியாக இருந்தால் 40 லிட்டர் மண்ணை எடுத்துப் போய்த் தண்ணீரில் அலசுவோம். கருகிய கோதுமையும் களை விதையும் மேலே மிதந்து வரும், அந்த வீட்டார் என்ன பயிரிட்டார்கள் என்று அதிலிருந்து தெரியும். டிக்கர் வேறு பக்கம் திரும்பினால் குவித்த மண்ணைக் கிளறுவோம், மெட்டல் டிடெக்டரும் ஓட்டுவோம்.

கே: எங்கள் தோட்டத்தில் வெள்ளையாக, சாக்பீஸ் துண்டு மாதிரி, நடுவில் ஓட்டையோடு நிறையக் கிடைக்கிறது. எலும்பா?

சுருட்டு மாதிரிப் புகைக்கும் களிமண் குழாயின் தண்டு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையிலை பரவியபிறகு வந்தது, குடித்துவிட்டு உடைந்ததை வீசிவிடுவார்கள். பொதுவாக ஓட்டை பெரிதாக இருந்தால் பழையது, போகப் போக ஓட்டை சிறுத்தது. பிள்ளைகள் பெட்டியில் சேர்த்து வைக்கட்டும், ஒன்றும் தப்பில்லை.

கே: பில்டர் சொல்கிறார், வெள்ளிக்கிழமை தோண்டி சனிக்கிழமை கான்கிரீட் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்று. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாமே?

தம்பி, வேலை முடிந்ததும் பில்டர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், பர்மிஷன் உங்கள் பெயரில் இருக்கிறது. தொடங்கும் முன் நிறைவேற்ற வேண்டிய கண்டிஷனை மீறித் தொடங்கினால், கட்டியதே பர்மிஷன் இல்லாமல் கட்டியதாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. கவுன்சில் நடவடிக்கை எடுக்காமல் விட்டாலும், பத்து வருடம் கழித்து வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் இந்தக் கண்டிஷன் தீர்ந்ததற்குக் கடிதம் எங்கே என்று கேட்பார். கான்கிரீட்டுக்கு அடியில் இருப்பதை அப்போது எப்படிக் காட்டுவீர்கள்? வீடு பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடப் பட்டியலில் இருந்தால் அது இன்னும் மோசம், அனுமதி இல்லாமல் கட்டடத்தில் கை வைப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே.

கே: ஏதாவது கிடைத்துவிட்டால் வேலை வருடக்கணக்கில் நின்றுவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தில்தான் பாதிப்பேர் மறைக்கிறார்கள். சமையலறை அளவு வேலையில் ஒரு குழி வந்தால் சில மணி நேரம், பெரிய விஷயம் என்றால் சில நாள். நாங்கள் அந்த மூலையைப் பார்க்கும்போது டிக்கர் அடுத்த மூலையில் தோண்டலாம்.

அபூர்வமாகப் பெரிதாக வருவதும் உண்டு. வில்ட்ஷயரில் பிரிக்ஸ்டன் டெவரில் என்ற கிராமத்தில் ஒரு வீட்டுக்காரர் கொட்டகையில் டேபிள் டென்னிஸ் விளையாட வெளிச்சம் வேண்டும் என்று மின்கம்பி புதைக்கப் பள்ளம் எடுத்தார். ஒன்றரை அடி ஆழத்தில் ரோமானிய மொசைக் தரை. பெரிய ரோமானிய மாளிகை ஒன்றே அங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்து 2016இல் செய்தியாக வந்தது. அந்த வீட்டில் பூச்செடி வளர்த்துவந்த கல்தொட்டிகூட ஒரு ரோமானியக் குழந்தையின் கல் சவப்பெட்டியாம்! அங்கேயும் முழுவதையும் தோண்டவில்லை, பார்த்துப் பதிந்துவிட்டு மண்ணை மூடினார்கள். மண்ணுக்கடியில் இருப்பது மண்ணுக்கடியிலேயே பத்திரமாக இருக்கும் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விருப்பம். அஸ்திவாரத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி, ஆழத்தைக் குறைத்துத் தப்பிக்க முடிந்தால் உங்களுக்கும் லாபம்.

கே: தங்கம் கிடைத்தால் எனக்கா, ராணிக்கா (இப்போது ராஜா)?

எல்லோரும் கேட்பது. சாதாரணப் பானை ஓடு, எலும்பு, ஆணி எல்லாம் நில உரிமையாளருக்கே சொந்தம். அறிக்கை முடிந்ததும் அவற்றை அருங்காட்சியகத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி ஒரு தாள் நீட்டுவோம், தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள், உங்கள் வீட்டு அலமாரியில் அது வெறும் ஓட்டுத்துண்டுதான்.

புதையல் வேறு கணக்கு. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 300 வருடத்துக்கு மேல் பழையதாகவும் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தங்கமோ வெள்ளியோ கலந்ததாகவும் இருக்கும் பொருள் புதையல். நாணயமானால் ஒரே இடத்தில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 2023இலிருந்து, 200 வருடத்துக்கு மேல் பழைய, மிக முக்கியமான உலோகப் பொருள்களையும் சேர்த்திருக்கிறார்கள். 14 நாளுக்குள் கொரோனருக்கு (சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. அருங்காட்சியகம் வாங்க விரும்பினால் மதிப்புப் போட்டுப் பரிசு தருவார்கள், உங்களுக்கு அதில் பங்கு கிடைக்கலாம். எங்களைப் போன்ற தொல்லியல் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பைசா கிடையாது, சட்டமே அப்படி.

1992இல் சஃபோக்கின் ஹாக்ஸ்னி கிராமத்தில் தொலைந்த சுத்தியலைத் தேட மெட்டல் டிடெக்டரோடு போனவர், சுமார் 15,000 ரோமானிய நாணயங்களோடு ஒரு புதையலைக் கண்டார். எல்லாவற்றையும் வாரி எடுக்காமல் பாதியில் நிறுத்தித் தகவல் கொடுத்தார் பாருங்கள், அதனால்தான் எந்தப் பொருள் பெட்டியில் எங்கே இருந்தது என்பதுவரை தெரிந்தது. 17.5 லட்சம் பவுண்டு பரிசு. அந்தப் புதையலில் வெள்ளியில் செய்த நான்கு மிளகுச் சிமிழ்களும் இருந்தன, ஒன்று அலங்காரம் செய்த ஒரு சீமாட்டியின் உருவம். அந்தக் காலத்தில் ரோமானியர் சாப்பிட்ட மிளகு நம்முடைய மேற்குக் கரையிலிருந்து போனதுதான். பிரிட்டிஷ் மியூசியம் போனால் பாருங்கள், அந்தச் சுத்தியலும் அங்கே இருக்கிறது.

கே: மனித எலும்பு வந்தால்? எங்கள் மனை சர்ச் மதிலை ஒட்டியது, அம்மா இப்போதே பயப்படுகிறார்.

வர வாய்ப்பு உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். இன்றைய மதில்தான் பழைய மயானத்தின் எல்லை என்று சொல்ல முடியாது, காலப்போக்கில் சுருங்கியிருக்கலாம். தெரிந்த நொடியே வேலை நிற்கும், எலும்பை மூடி வைப்போம். தொல்லியலாளர் இல்லாத இடமென்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். பழையது என்று உறுதியானால் அதை எடுக்க நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும், 1857ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எடுக்காமல் அப்படியே விட்டு அஸ்திவாரத்தை நகர்த்த முடியுமா என்றுதான் முதலில் பார்ப்போம். எடுத்தாலும் மரியாதையோடுதான் எடுப்போம், அம்மாவிடம் சொல்லுங்கள்.

கே: போன வருடம் எங்கள் வீட்டில் பார்த்தார்கள். மூன்று பானை ஓடு, கொஞ்சம் சிப்பி, அவ்வளவுதான். அதற்கு இத்தனை பவுண்டு! சுத்த வேஸ்ட் இல்லையா?

உங்கள் கோபம் புரிகிறது, இருந்தாலும் இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்று ஒரு கைவிடப்பட்ட ஊர். 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையும் அங்கே அகழாய்வு செய்தார்கள். இடைக்காலக் கிராமம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிச் செத்துப்போன ஊர்களிலிருந்து வந்தது, காரணம் அங்கே தோண்டலாம், யாரும் குடியில்லை. ஆனால் பெரும்பாலான ஊர்கள் சாகவில்லையே! உங்கள் ஊர் மாதிரி ஆயிரம் வருடமாக மேலே மேலே கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அங்கே எப்படிப் பார்ப்பது? யாராவது சமையலறை நீட்டினால்தான் உண்டு.

கரென்சா லூயிஸ் என்ற தொல்லியலாளர் கிழக்கு இங்கிலாந்தில் 50க்கும் மேற்பட்ட ஊர்களில், மக்கள் குடியிருக்கும் வீட்டுத் தோட்டங்களில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழிகளாக 2,000க்கும் மேல் தோண்ட வைத்தார். தோண்டியவர்களில் பெரும்பாலோர் ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் உங்கள் மூன்று ஓடு மாதிரிதான். சேர்த்து எண்ணியபோது, 1348-49 பிளேக் கொள்ளைநோய்க்குப் பிந்தைய காலத்துப் பானை ஓடு முந்தையதைவிடச் சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது, பானையைப் பயன்படுத்த ஆள் குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். செத்தவர்கள் கணக்கை ஏட்டில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு மண்ணிலிருந்தே ஒரு பதில் கிடைத்தது. இந்த முடிவு 2016இல் வெளியானது.

உங்கள் மூன்று ஓட்டில் சாம்பல் நிறத்தில் தெட்ஃபோர்ட் வகை என்ற பழைய பானையின் ஓடு ஒன்று இருந்தால், பிரான்சிலிருந்து நார்மன்கள் 1066இல் படையெடுத்து வருவதற்கு முன்பே உங்கள் தெருப் பக்கம் குடியிருப்பு இருந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு துப்பு. ஒன்றுமே வராவிட்டாலும் பதிவேட்டில் அது ஏறும், ஊர் இந்தப் பக்கம் பரவவில்லை என்று. அடுத்து பக்கத்து வீட்டார் விண்ணப்பிக்கும்போது அதைப் பார்த்து, இங்கே கண்டிஷன் வேண்டாம் என்று விடவும் செய்யலாம். செலவை ஒரு தனி வீட்டுக்காரர் தலையில் முழுசாகக் கட்டுவது சரியா என்று கேட்டால், சின்ன வீட்டு வேலைகளுக்காவது ஒரு பொது நிதி இருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பார்ப்பதே வீண் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கே: அடுப்புத் தரையைப் பெயர்த்தபோது தாடிக்கார முகம் போட்ட மண் குப்பி ஒன்று, மூடியோடு. உள்ளே ஏதோ கலகலக்கிறது. திறக்கலாமா?

திறக்காதீர்கள்! 17ஆம் நூற்றாண்டில் சூனியத்துக்கு எதிராக, சிறுநீர், ஊசி, ஆணி, முடி எல்லாம் போட்டு அடுப்படியில் புதைத்த குப்பியாக இருக்கலாம். மூடி போட்டபடியே கிடைப்பது அரிது, ஆய்வகத்தில் திறந்தால்தான் உள்ளிருப்பதைச் சோதிக்க முடியும். படம் எடுத்துவிட்டு உங்கள் கவுண்டியின் தொல்பொருள் அலுவலருக்குச் சொல்லுங்கள். புகைபோக்கியில் ஒற்றைச் செருப்போ பூட்ஸோ கிடைத்தாலும் அப்படியே, நார்தாம்ப்டன் மியூசியம் அதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நம் ஊரில் வாசலில் பூசணிக்காய் உடைப்பவர்களுக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது.

கே: ஸ்காட்லாந்திலும் இதே சட்டமா?

இல்லை. அங்கே உரிமையாளர் தெரியாத எந்தப் பழம்பொருளும் அரசுக்குச் சொந்தம், தங்கமோ ஓடோ பேதமில்லை, தெரிவித்தே ஆக வேண்டும். அயர்லாந்தில் தோண்ட ஆய்வாளருக்கே உரிமம் வேண்டும்.

கே: சிவகங்கைப் பக்கம் ஊரில் வீடு கட்டுகிறோம். அங்கேயும் இப்படி யாராவது வருவார்களா?

சாதாரண வீட்டுக்கு வர மாட்டார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டவே கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். புதையல் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்த மண்ணில் தாழியோ கறுப்பு சிவப்பு ஓடோ வந்தால் உடைத்துத் தள்ளாமல் மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். கீழடியும் தனியார் தென்னந்தோப்புதான்.

கே: தோண்டி முடித்துவிட்டோம், ஒன்றும் பெரிதாக வரவில்லை. அறிக்கை வரும்வரை வீட்டைப் பயன்படுத்தக் கூடாதா?

கண்டிஷனின் வாசகத்தைப் பாருங்கள். சிலவற்றில் அறிக்கை ஒப்படைக்கும்வரை குடியேறக் கூடாது என்றே இருக்கும், பலவற்றில் இருக்காது. பானை ஓடுகளை நிபுணரிடம் அனுப்பி வாங்க நேரமாகும், அதனால் அறிக்கை மாதக்கணக்கில் இழுக்கலாம், நிறுவனத்தை அவ்வப்போது நினைவூட்டுங்கள். அறிக்கை வந்ததும் கண்டிஷன் நிறைவேறியது என்று கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பித்துக் கடிதம் வாங்க வேண்டும், அது தானாக வராது. யார்க்கில் உள்ள தொல்லியல் தரவுக் காப்பகத்தில் இத்தகைய அறிக்கைகள் ஏராளம், இலவசமாகப் படிக்கலாம், உங்களுடையதும் அங்கே போய்ச் சேரும். கவுன்சில் கடிதத்தை மட்டும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.