ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்: செல்லப்பிராணி வளர்ப்போர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் டாஷ்ஹண்ட் நாய்க்கு 6 வயது. இரண்டு நாளாகப் பின்னங்கால்கள் பின்னுகின்றன, முதுகைத் தொட்டால் கத்துகிறது. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். இன்னொரு மையத்தில் சி.டி. மட்டும்தான் இருக்கிறது, கட்டணமும் குறைவு. அது போதாதா?

பதில்: டாஷ்ஹண்ட் என்பதால் பல நேரம் போதும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தண்டுவடத்தைக் காட்டாது. இந்த இனத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் இளவயதிலேயே சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும். ஒரு நாள் அது பிதுங்கி மேலே வந்து தண்டுவடத்தை அழுத்தும். சுண்ணாம்பு ஏறிய அந்தத் துண்டு சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். சுண்ணாம்பு ஏறாத டிஸ்க், தண்டுவட வீக்கம், அழற்சி, தண்டுவடத்துக்குள் வளரும் கட்டி ஆகியவற்றைப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். சி.டி.யில் ஒன்றும் சிக்காவிட்டால் எம்.ஆர்.ஐ.க்காக மறுபடி மயக்கம் கொடுக்கவேண்டி வரலாம், கட்டணமும் மறுபடி. கட்டணத்தை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்த ஸ்கேன் என்பதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "முடிவு எப்படி வந்தாலும் அடுத்துச் செய்யப்போவது மாறுமா?" நாய் நடக்கிறது, வலி மட்டும்தான் என்றால், வலி மருந்து கொடுத்து, குறைந்தது 4 வாரம் கூண்டிலோ சிறிய தடுப்புக்குள்ளோ கட்டாய ஓய்வில் வைத்துப் பார்ப்பது ஏற்கப்பட்ட வழி. அறுவை சிகிச்சை செய்வதில்லை என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்களுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் புதிதாக எந்த வழியையும் திறக்காது. அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதில் தவறே இல்லை, நல்ல டாக்டர் அதை வைத்தே திட்டத்தை மாற்றித் தருவார்.

கால்கள் முழுதும் விழுந்துவிட்டால் கதை வேறு. அப்போது டாக்டர் கால்விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். நாய் காலை இழுத்துக்கொண்டால் உணர்வு இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த இழுப்பு தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்தான், மூளைக்குச் செய்தி போகாமலேயே நடக்கும். தலையைத் திருப்பிப் பார்த்தாலோ கத்தினாலோதான் வலி மூளையை எட்டியிருக்கிறது என்று பொருள். அது இல்லையென்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஸ்கேனும் அறுவையும் ஒரே இடத்தில், ஒரே மயக்கத்தில் முடியும் மருத்துவமனைக்கு நேரே போங்கள். கட்டணம் குறைவு என்று தனி ஸ்கேன் மையத்துக்குப் போய்ப் படத்தோடு அலையும் நேரம் அல்ல அது.

கேள்வி: 13 வயதுப் பூனைக்கு ஒரு பக்க மூக்கில் ரத்தம் வருகிறது. சி.டி.க்கான மதிப்பீட்டுத் தாளில் "ஸ்கேன்" என்று ஒரே வரி, ஒரே தொகை. இந்த வயதில் மயக்கம் கொடுப்பதும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மயக்கத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை, மயக்கம், கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் திசுக்கள் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றுவது), ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்டின் அறிக்கை, விழிக்கும்வரை கண்காணிப்பு ஆகியவை அந்தத் தொகைக்குள்ளா, வெளியிலா? உங்கள் பூனைக்கு இன்னொன்றும் சேரும்: பயாப்ஸி, அதாவது சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது. மூக்குக்குள் கட்டி இருப்பதையும் எலும்பு அரிக்கப்பட்டிருப்பதையும் சி.டி. காட்டும், அது என்ன கட்டி என்று திசுதான் சொல்லும். ஆகவே பயாப்ஸிக்கும் திசு ஆய்வகத்துக்கும் தனி வரி வேண்டும். வரிசையும் முக்கியம். சி.டி. முதலில், அதே மயக்கத்தில் பயாப்ஸி பிறகு. மாற்றிச் செய்தால் கசியும் ரத்தம் படத்தில் கட்டியோடு கலந்து குழப்பும். ரத்தம் வருவதால் உறைதல் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

தொகையைக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டாகக் கேளுங்கள். எந்தத் தொகையைத் தாண்டினால் உங்களை அழைப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். இதயம் நின்றால் மீட்பு முயற்சி வேண்டுமா என்ற கேள்வி ஒப்புதல் படிவத்தில் இருக்கும். முதல்நாள் இரவே வீட்டில் பேசி முடிவெடுங்கள், கவுன்டரில் நின்று யோசிக்கும் விஷயம் இல்லை அது.

மயக்க பயத்துக்கு வருவோம். 2008இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில், மயக்கம் அல்லது தூக்க மருந்து தொடர்பான இறப்பு எல்லாப் பூனைகளையும் சேர்த்து 0.24 விழுக்காடு, உடல்நலத்தோடு இருந்த பூனைகளில் 0.11 விழுக்காடு. இறந்த பூனைகளில் பாதிக்கும் மேல், 61 விழுக்காடு, எல்லாம் முடிந்த பிறகே இறந்தன, அதிலும் பெரும்பாலும் முதல் 3 மணி நேரத்துக்குள். எனவே "மயக்க மருந்து என்ன?" என்பதைவிட "ஸ்கேன் முடிந்தபின் பூனையின் பக்கத்தில் யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம்?" என்பதே நல்ல கேள்வி. அன்றே வீட்டுக்கு அனுப்புவதானால் பூனை தானாகத் தலை தூக்கி உட்கார்ந்த பிறகு, உடல் சூடு திரும்பிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதான பூனைக்குச் சிறுநீரகம், தைராய்டு, இதயம் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. இதயத்தசை தடித்த பூனைக்கு ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்பு (இதயத் துடிப்போடு வரும் கூடுதல் ஓசை) கேட்காமலும் போகலாம். எத்தனை மணி நேரப் பட்டினி என்பதை மருத்துவமனை சொன்னபடியே செய்யுங்கள், தண்ணீரை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் அன்று காலை அளவு எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஸ்கேன் முடிந்து வாட்ஸாப்பில் நான்கு படங்கள் அனுப்பினார்கள். இன்னொரு டாக்டர் "இதை வைத்துச் சொல்ல முடியாது" என்கிறார். ஏன்?

பதில்: அவர் சொல்வது சரி. ஒரு சி.டி.யில் நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்கள் இருக்கும். ஒரே படத்தை எலும்புக்கு ஒரு விதமாகவும் நுரையீரலுக்கு ஒரு விதமாகவும் வெளிச்சம் மாற்றிப் பார்க்கவேண்டும். அதற்கான முழுத் தகவலும் டைகாம் (DICOM) எனப்படும் ஸ்கேனின் மூலக் கோப்பில்தான் உண்டு. திரையைப் போனில் பிடித்த படத்தில் அது இல்லை, வாட்ஸாப் அதையும் சுருக்கிவிடும். "டைகாம் கோப்புகள் முழுவதும், ரேடியாலஜிஸ்ட் அறிக்கையோடு வேண்டும்" என்று கேளுங்கள், குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ இணைப்பாகவோ. கையில் வந்ததும் முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுங்கள், உள்ளே உள்ள கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள். அறிக்கை யார் பெயரில் வருகிறது, எத்தனை நாளில் வரும் என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டிருக்க வேண்டும். படித்துச் சொல்பவருக்கு நோயின் வரலாறு போனதா என்றும் கேளுங்கள். "நாய், சி.டி., மார்பு" என்று மட்டும் போனால் அறிக்கையும் அதே அளவுக்குத்தான் வரும்.

கேள்வி: 3 வயது நாய்க்கு வலிப்பு. எம்.ஆர்.ஐ. நார்மல். பணம் வீணா?

பதில்: வீண் இல்லை. 6 மாதம் முதல் 6 வயதுக்குள் தொடங்கி, வலிப்புக்கு இடைப்பட்ட நேரத்தில் இயல்பாக இருக்கும் நாய்க்கு நார்மல் எம்.ஆர்.ஐ.தான் எதிர்பார்க்கப்படுவது. கட்டியோ அழற்சியோ இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, இனி வலிப்பு மாத்திரையை நம்பிக்கையோடு தொடரலாம். படம் நார்மலாக வரக்கூடும் என்பதை ஸ்கேன் எடுக்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் அது மருத்துவமனையின் குறை, அதை அவர்களிடமே நேராகச் சொல்லுங்கள்.