பழசு வாங்கலாம் வாங்க: திப்பு படம் ஒரிஜினலான்னு எப்படி பாக்குறது?

காரைக்குடியில ஒரு பழைய சாமான் கடையில திப்பு சுல்தான் சண்டை போட்டு சாகுற மாதிரி ஒரு பெரிய படம் பாத்தேன், கறுப்பு வெள்ளை, ஃபிரேம் போட்டிருக்கு. 200 வருஷத்து ஒரிஜினல் எச்சிங்னு சொல்லி பெரிய விலை கேக்குறாங்க. நம்பி வாங்கலாமா சார்?
– வாசகர், தேவகோட்டை

மொதல்ல ஃபிரேமைக் கழட்டச் சொல்லுங்க. கழட்ட மாட்டேன்னு சொன்னா பேசாம வந்துடுங்க, கண்ணாடிக்கு வெளிய நின்னு யாராலயும் சொல்ல முடியாது, நான் வந்தாலும் அதேதான்.

கழட்டினதும் படத்தைப் பாக்காதீங்க, படத்தோட ஓரத்தைப் பாருங்க. படம் செதுக்கின செப்புத் தகட்டுல மை தடவி, ஈரப் பேப்பரை மேல வச்சு பிரஸ்ல அழுத்தி எடுக்குறதால தகட்டோட விளிம்பு பேப்பர்ல லேசா பள்ளமா பதிஞ்சிருக்கும், விரலால தடவினாலே தெரியும், அதுதான் பிளேட் மார்க். சில சமயம் ஆல்பத்துல ஒட்டுறதுக்காக பழைய ஆளுங்க ஓரத்தை வெட்டியிருப்பாங்க, அதனால பள்ளம் இல்லைன்னா உடனே போலின்னு முடிவு கட்டிடாதீங்க. அடுத்து ஒரு பத்து மடங்கு லென்ஸ், வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணுல மாட்டுவாரே அந்த மாதிரி ஒண்ணு போதும். வரிசை பிசகாம சின்னச் சின்ன புள்ளிங்க கட்டம் கட்டமா தெரிஞ்சா அது புத்தகத்துலயோ காலண்டர்லயோ வந்த பிரிண்ட், அந்த முறையே 1880களுக்கு அப்புறம்தான் பரவுச்சு. ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, அந்தக் காலத்துலயே தகட்டுல புள்ளி குத்தி படம் செதுக்குற ஸ்டிப்பிள்னு ஒரு முறை இருந்துச்சு, அதுலயும் புள்ளிதான், ஆனா கையால குத்துனதால ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு தாறுமாறா இருக்கும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

படத்துக்குக் கீழ பொடி எழுத்துல இடது பக்கம் வரைஞ்சவர் பேரு, வலது பக்கம் செதுக்கினவர் பேரு, நடுவுல வெளியிட்டவர் விலாசம், தேதி இருக்கணும். இங்கிலாந்துல 1735ல வந்த சட்டப்படி உரிமைக்காரர் பேரையும் தேதியையும் போட்டாத்தான் காப்புரிமை கிடைக்கும், அதனால அந்தக் காலத்து லண்டன் வியாபாரிங்க பெரும்பாலும் விடாம போட்டாங்க. நீங்க சொல்றதைப் பாத்தா ஹென்றி சிங்கிள்டன் வரைஞ்சு ஸ்கியாவொனெட்டி செதுக்கின படமா இருக்கலாம், 1802 வாக்குல வந்தது. அப்படின்னா அது மேல சொன்ன ஸ்டிப்பிள் வகை, எச்சிங்னு சொல்றதே சரியில்ல. எச்சிங்னா தகட்டுல மெழுகு பூசி ஊசியால கீறி ஆசிட்ல ஊற வைக்கிறது. கடைக்காரங்க பழைய அச்சுப்படம் எல்லாத்தையும் எச்சிங்னுதான் சொல்றாங்க, அதுக்காக சண்டை போட வேணாம், விலையைப் பேசுங்க.

கடைசியா, ரூபா நோட்டு செக் பண்ற நீல லைட்டை இருட்டுல அடிச்சுப் பாருங்க. பேப்பர் பளீர்னு நீல வெள்ளையா மின்னினா சுமார் 1950க்கு அப்புறம் செஞ்ச பேப்பர். ஒரிஜினல் தகட்டையே வச்சு பின்னாடி மறுபடி அடிச்ச பிரதியும் உண்டு, பிளேட் மார்க் எல்லாம் கச்சிதமா இருக்கும், மாட்டிக்கிறது இங்கதான்.

அந்தப் படங்கள்ல வர்ற திப்பு முகம் நெஜமாவே அப்படித்தான் இருந்துச்சா?
– வாசகி, ஓசூர்

பெரும்பாலும் இல்லங்க. 1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்துச்சு, செய்தி லண்டன் போய்ச் சேர்ந்ததும் அங்க ஒரே கொண்டாட்டம், அடுத்த வருஷமே ராபர்ட் கெர் போர்ட்டர்னு இருபது சொச்சம் வயசுப் பையன் 100 அடிக்கு மேல நீளமா கோட்டையைப் பிடிக்கிற காட்சியை வரைஞ்சு காசு வாங்கி காட்டினான், அதை வெந்த்ராமினி மூணு பெரிய அச்சுப்படமா செதுக்கினார். போர்ட்டரும் சரி சிங்கிள்டனும் சரி அந்தச் சண்டையைப் பாத்ததில்ல. இதுல விதிவிலக்கு ராபர்ட் ஹோம்ங்கிற ஓவியர். அவர் கார்ன்வாலிஸ் படையோடவே போனவர், 1792ல திப்புவோட ரெண்டு பிள்ளைங்களைப் பணயமா ஒப்படைச்சப்ப அங்கயே இருந்தார், அதை வரைஞ்ச ஓவியத்துல இடது ஓரமா தன்னையும் வரைஞ்சு வச்சிருக்கார். அந்தப் பிள்ளைங்களை அப்புறம் மெட்ராஸுக்குத்தான் கூட்டிட்டு வந்தாங்க. என்னைக் கேட்டா காசு சேத்து வச்சு 1794ல வந்த ஹோமோட மைசூர் காட்சிகள்ல ஒரு தாள் வாங்குங்க, கோட்டையும் மலையும்தான் இருக்கும், சண்டை இருக்காது, ஆனா கண்ணால பாத்தவன் கை.

எதிர்ப்பக்கத்துக் கதை வேணும்னா அச்சுல தேடாதீங்க, நேரா ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனைக்குப் போங்க. 1780ல காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல கம்பெனிப் படை வாங்கின அடி அங்க சுவர் முழுக்க இருக்கு, அந்தப் படைக்குத் தலைவரா இருந்த கர்னல் பெய்லி பல்லக்குல முழிச்சிட்டு உக்காந்திருப்பார்.

சின்ன பட்ஜெட்ல ஆரம்பிக்கணும்னா? கலர் போட்டது வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் தாள்கள், 1842ல ஆரம்பிச்ச வாரப் பத்திரிகை. 1857 கலகப் படங்கள் ஏராளமா வந்துச்சு. இது மரக்கட்டையில செதுக்கினது, பிளேட் மார்க்கைத் தேடாதீங்க. பெரிய படத்துல கட்டைங்களைச் சேத்த எடத்துல மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடும், பின்பக்கம் செய்தியும் இருக்கும். அந்த 1857 படங்கள் கறுப்பு வெள்ளையில வந்ததுதான், கலர் இருந்தா பின்னாடி யாரோ பூசினது, கூடுதல் காசு தராதீங்க. ஓவியர் தாமஸ் டேனியல், அவர் கூடப்பிறந்தவர் மகன் வில்லியம் டேனியல், இந்த ஜோடியோட கோயில், கோட்டைப் படங்க வேற கதை, அதுக்கு அப்பவே கையால கலர் போட்டுத்தான் வித்தாங்க.

பழுப்புப் புள்ளி விழுது, ராமபாணப் பூச்சியும் வருது. லேமினேஷன் பண்ணிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ஐயோ வேணாம்மா! பண்ணினா படம் போச்சு, செல்லோடேப்பும் அதே கதைதான். ஆசிட் இல்லாத மவுண்ட் அட்டை கேட்டு வாங்கி, கண்ணாடி படத்தைத் தொடாத மாதிரி ஃபிரேம் போடுங்க, வெளிச்சுவர்ல மாட்டாதீங்க, உங்க ஊரு மழைக்கு அது ஊறும்.

அமெரிக்காவுல இருக்கிற மகனுக்கு ஒண்ணு குடுத்து அனுப்பலாமா?
– வாசகர், சேலம்

100 வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருளை வெளிய கொண்டு போறதுக்கு 1972 தொல்பொருள் சட்டத்துல தடை இருக்கு, ஏர்போர்ட்ல பிடிச்சா தலைவலி. மகனையே அங்க வாங்கிக்கச் சொல்லுங்க, இதெல்லாம் லண்டன்ல அடிச்ச படம்தானே, நம்ம ஊரை விட அந்தப் பக்கம்தான் நிறைய கிடைக்குது.