ஏபிஎஸ் யூனிட்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி: எங்களுடையது 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்பக்க இடது சக்கரத்தில் இரைச்சல் வந்ததால் போன மாதம் பேரிங் மாற்றினோம். அன்றிலிருந்து சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகின்றன. ஸ்டார்ட் செய்ததும் அணைந்துவிடுகின்றன. தெருமுனையைத் தாண்டுவதற்குள் மறுபடி எரிகின்றன. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? - ஒரு வாசகர், தேனி.

பதில்: யூனிட்டை மாற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ஏபிஎஸ் என்பது பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு; அதை இயக்குவதுதான் இந்த யூனிட். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. விளக்கு எரிகிறது என்பதோடு நிறுத்தாமல், எப்போது அணைகிறது, எப்போது மீண்டும் எரிகிறது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பழுது பார்ப்பவருக்கு அதைவிட உதவியான தகவல் கிடையாது.

சாவியைத் திருப்பியதும் இந்த விளக்குகள் சில நொடிகள் எரிந்து அணைவது சுயசோதனை. வண்டி நிற்கும்போது நடக்கும் அந்தச் சோதனையில் மின்சுற்று சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும். வயர் அறுந்திருந்தாலோ யூனிட்டின் உள்ளே கோளாறு இருந்தாலோ பெரும்பாலும் விளக்கு அணையவே அணையாது. உங்கள் காரில் அணைகிறது. கார் நகர்ந்து, சக்கரங்கள் தம் வேகத்தைச் சொல்ல வேண்டிய கட்டத்தில்தான் சிக்கல் வருகிறது. மூன்று சக்கரங்கள் வேகம் சொல்ல, நான்காவது வாயே திறக்கவில்லை என்றால் யூனிட் என்ன செய்யும்? ஏபிஎஸ்ஸையும், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் நிறுத்திவிட்டு இரண்டு விளக்குகளையும் போடும். யூனிட் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

என் சந்தேகம் புதிய பேரிங்கின் மீதுதான். இன்றைய கார்கள் பலவற்றில் வேகத்தை அளப்பதற்கான பல்சக்கரம் தனியாக இருப்பதில்லை. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே (பக்கத்தை மூடும் வளையத்திலேயே) காந்த வளையம் ஒன்றைப் பதித்திருப்பார்கள். வட துருவம், தென் துருவம் என மாறி மாறிக் காந்தமேற்றப்பட்ட வளையம் அது. சக்கரம் சுழலும்போது எதிரில் உள்ள சென்சார் அந்த மாற்றத்தை எண்ணி வேகத்தைக் கண்டுபிடிக்கும். இந்த பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டால் சக்கரம் சத்தமின்றி அழகாக ஓடும். ஆனால் காந்தப் பக்கம் சென்சாரை விட்டு வெளிப்புறமாகப் போய்விடும். காந்த வளையம் இல்லாத, அதே அளவுள்ள பேரிங்கைப் போட்டாலும் இதே கதைதான். பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற தவறு இது.

ஆனால் சந்தேகத்தை வைத்து மெக்கானிக்குடன் சண்டைக்குப் போகக் கூடாது; முதலில் உறுதி செய்வோம். சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்புங்கள். டார்ச் அடித்துச் சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்தால் சென்சாரின் மெல்லிய வயர் தெரியும். பேரிங் மாற்றும்போது அதன் கிளிப்பைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டாமல் விட்டதால் டயரில் உரசுகிறதா, சென்சார் அதன் குழியில் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா, போல்ட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த தடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் அதைத் தள்ளிவிட முடியாது. சென்சாரை நெம்பிக் கழற்ற வேண்டாம், துருப்பிடித்த குழியில் பிளாஸ்டிக் முறிந்துவிடும். மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளக்கச் சொல்லும் அறிவுரையையும் கேட்காதீர்கள். பழைய வகைச் சென்சார்களுக்கு அது பொருந்தும். இப்போதைய சென்சார்களின் உள்ளே சிறு மின்னணுச் சுற்று இருக்கிறது, அதை ஓம் வைத்து அளந்தால் சரியான விடை கிடைக்காது; சென்சாரே பழுதாகவும் கூடும்.

அடுத்தது ஸ்கேனர், அதாவது காரில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் மலிவான புளூடூத் கருவிகள் பல எஞ்சின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் பகுதியையும் படிக்கக்கூடியதை இரவல் வாங்குங்கள். பல கார்களில் சி0035 என்றால் முன் இடது சக்கரச் சென்சார். கம்பெனிக்குக் கம்பெனி குறியீடு மாறலாம் என்பதால் நான் நம்புவது நேரடி அளவீட்டைத்தான். ஒருவர் ஆளில்லாத சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டட்டும். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். மூன்று சக்கரங்கள் 20 காட்டி, இடது முன் சக்கரம் பூஜ்ஜியத்திலேயே நின்றால் ஐயம் தீர்ந்தது. நன்றாகக் காட்டிக்கொண்டிருந்த எண் இடையிடையே விழுந்து எழுந்தால் வயர், கனெக்டர், அல்லது சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

விளக்கை அணைப்பதற்காக பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டாம். கோளாறு போகாது, சில கார்களில் ஸ்டியரிங்கின் நேர்நிலையை யூனிட் மறந்துபோய்ப் புதிதாக ஒரு விளக்கு எரியும்.

சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு வேறு காரணத்தால் எரியும் வாசகர்களுக்கும் சில வார்த்தைகள். விட்டு விட்டு மின்னினால் பழுதில்லை. வழுக்கும் சாலையில் அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் எஞ்சினைச் சரிசெய்யுங்கள். எஞ்சினின் இழுவையைக் குறைத்தும்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்கிறது, எஞ்சின் கோளாறானால் பல கார்களில் அதுவும் ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் பிரேக் லைட் எரியவில்லை அல்லது அணையவில்லை என்றால் பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சிறு சுவிட்ச் காரணமாக இருக்கலாம். விலை குறைந்த பொருள், பலர் கடைசியில்தான் அதைப் பார்க்கிறார்கள். அலாய் சக்கரத்துக்குப் பதில் அளவில் சிறிய ஸ்டெப்னியை மாட்டியிருந்தாலும் சக்கர வேகங்கள் ஒத்துப்போகாமல் விளக்கு வரலாம்.

தேனிக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளக்கு எரியும்போதும் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி உங்கள் காரில் இருந்தால் அதுவும் இயங்காது, ஏனென்றால் அதற்கும் அதே யூனிட்தான். போடிமெட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போவதைத் தள்ளிவையுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஊருக்குள்கூட ஓட்ட வேண்டாம். முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம், பிரேக் ஆயிலும் இறங்கியிருக்கலாம்.

ஸ்கேனர் இடது சக்கரத்தைக் காட்டிக்கொடுத்தால், அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு பேரிங் மாற்றிய இடத்துக்கே போங்கள். அழுத்திப் பொருத்திய பேரிங்கை எடுத்தால் மறுபடி பயன்படுத்த முடியாது. புதிதுதான் வேண்டும், அதன் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். புதியதை அழுத்துவதற்கு முன் ஒரு ஸ்டேப்ளர் பின்னை இரண்டு பக்க சீலிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின் ஒட்டுகிற பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் ஒட்டவில்லை என்றால் அந்த பேரிங் உங்கள் காருக்கானது அல்ல.