எதுவரை பூஜ்ஜியம்?

அன்புள்ள ஐயா,

அணு மின்நடுநிலையானதுதானா, அதாவது அதன் மொத்த மின்னூட்டம் பூஜ்ஜியம்தானா என்று, அணுவின் அலையைப் பிரித்துச் சேர்த்து அளக்கும் அணுக் குறுக்கீட்டுமானியால் சோதிக்கும் திட்டம் பற்றி வாசித்தேன். புரோட்டான், எலெக்ட்ரான் மின்னூட்டங்கள் சமம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். தெரிந்ததை ஏன் மறுபடி அளக்க வேண்டும்? என்ன பயன்? முதுகலை முடித்ததும் நான் இத்துறைக்குப் போகலாமா?

ச.

அன்புள்ள ச.,

பயன் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘தெரிந்ததை’ என்று எழுதியிருக்கிறீர்களே, இயற்பியல் முதுகலை படிப்பவர் எழுதுகிற சொல்லா அது? புரோட்டான் குவார்க்குகள் என்னும் இன்னும் நுண்ணிய துகள்களால் ஆனது. எலெக்ட்ரானுக்குள் எந்தக் கூறும் இதுவரை தென்படவில்லை. இவ்வளவு வேறுபட்ட இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றையொன்று ஏன் ஈடுசெய்ய வேண்டும்? இதற்கு முழு விடை இன்னும் இல்லை. அளந்துதான் சமம் என்கிறோம். அளந்த தூரம் வரைதான் அந்தச் சொல் செல்லும்.

எனக்கு ஆய்வக வகுப்பு எடுத்த ஆசிரியர், ரெக்கார்ட் நோட்டில் வெறும் பூஜ்ஜியம் இருந்தால் கையெழுத்துப் போடமாட்டார். “எதுவரைக்கும் பார்த்தே? அதை எழுதுப்பா” என்பார். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று ஒவ்வொரு மாணவரிடமும் அதையே கேட்கத் தோன்றுகிறது.

1959இல் ஹெர்மான் பாண்டியும் ரேமண்ட் லிட்டில்டனும் இந்தக் கேள்வியைத்தான் பிரபஞ்சத்தின் மேல் போட்டார்கள். இரு மின்னூட்டங்களுக்கும் இடையே எலெக்ட்ரான் மின்னூட்டத்தில் 2×10⁻¹⁸ பங்கு வித்தியாசம் இருந்தாலே போதும், மின்விலக்கம் ஈர்ப்பை மிஞ்சிப் பிரபஞ்சத்தை விரியவைத்துவிடும் என்றார்கள். உடனே ஹில்லாஸும் கிரான்ஷாவும் ஆர்கானையும் நைட்ரஜனையும் ஒரு கலனிலிருந்து வெளியேற்றி, கலனில் மின்னூட்டம் மிஞ்சுகிறதா என்று பார்த்தார்கள். மிஞ்சவில்லை. 1973இல் டில்லாவும் கிங்கும் கந்தக ஹெக்சாஃபுளோரைடு வாயுவில் மாறுமின்புலத்தைச் செலுத்தினார்கள். மூலக்கூறுகளில் துளி மின்னூட்டம் இருந்திருந்தாலும் வாயு அதிர்ந்து ஒலி எழுந்திருக்கும். எழவில்லை. வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை எலெக்ட்ரான் மின்னூட்டத்தில் 10⁻²¹ பங்கு அளவுக்கு இறங்கியது.

2008இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கசேவிச், டிமோபூலோஸ் முதலியோர் முன்வைத்த திட்டம் 10⁻²⁸ வரை போகலாம் என்கிறது. லேசரால் அணுவின் அலையை இரண்டாகப் பிரித்து, இரு கிளைகளையும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும் குழாய்களுக்குள் அனுப்புகிறார்கள். குழாய்க்குள் மின்புலம் இல்லை, அணுவின் மேல் விசையும் இல்லை. ஆனாலும் அணுவில் மின்னூட்டம் இருந்தால் இரு கிளைகளின் கட்டமும் (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் இடம்) ஒன்றிலிருந்து ஒன்று விலகும்! விசையே படாத ஒன்று மாறுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

துறைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். அணுவின் மின்னூட்டம் எலெக்ட்ரானுடையதில் 10⁻²¹ பங்கு, மின்னழுத்த வேறுபாடு 1000 வோல்ட், நேரம் 1 வினாடி. கட்டம் எவ்வளவு விலகும்? எனக்குச் சுமார் 1.5 மில்லிரேடியன் வருகிறது. உங்கள் விடையை, எதுவரை நம்பலாம் என்பதையும் சேர்த்து, எழுதி அனுப்புங்கள். பிறகு பேசுவோம்.