முதலில் நீங்கள் யாரென்று சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, நீங்கள் சமீபத்தில் படித்ததில் கீழே வைக்கவே முடியாத ஐந்து புத்தகங்களைச் சொல்லுங்களேன். நண்பர்கள் ஆகா ஓகோ என்று சொல்வதை நம்பி வாங்கினால் எனக்கு ஒன்றுகூடப் பிடிப்பதில்லை. — ஒரு வாசகர்

பதில்: "கீழே வைக்கவே முடியாத" என்று எழுதிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பின்னட்டைகளில் இந்த வரியைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கையே வலிக்க ஆரம்பித்துவிட்டது. கீழே வைக்க முடியாத புத்தகம்தான் நல்ல புத்தகம் என்று யார் சட்டம் போட்டது? எனக்குப் பிடித்த புத்தகங்களில் முக்கால்வாசி என்னை அடிக்கடி கீழே வைக்க வைத்தவை. ஒரு பத்தி படிப்பேன், நடுவில் விரலைச் செருகி மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், அப்புறம் அதே பத்தியை மறுபடி படிப்பேன். ஒரே மூச்சில் முடித்தவற்றிலோ, கொலை செய்தது யார் என்பதே அடுத்த வாரம் மறந்துவிடுகிறது. அதிலும் ஒரு லாபம் உண்டு, அதே புத்தகத்தை அதே விறுவிறுப்போடு இன்னொரு தடவை படிக்கலாம்.

அறுநூறு பக்கக் கெட்டி அட்டை நாவலுக்கு இந்த வரியை எழுதிக் கொடுப்பவர்கள் அதைத் தூக்கியே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். மல்லாந்து படுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். முதல் அத்தியாயம் முடிவதற்குள் மணிக்கட்டு முறையிடும். இரண்டாவது அத்தியாயத்தில் கண் சொக்கும், புத்தகம் நேராக மூக்கின் மேல் விழும். கீழே வைக்க முடியாதது இருக்கட்டும், மேலே பிடிக்க முடியாததை என்ன செய்வது?

பின்னட்டை எழுதுகிறவர்களோடு எனக்கு இருக்கும் வழக்கு பழையது, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பதிப்பாளர் (பெயர் வேண்டாம், இன்னும் பேச்சுவார்த்தை இல்லை) நான் எழுதியதாக ஒரு பாராட்டைத் தானே எழுதி அனுப்பி, "சரி என்று ஒரு வார்த்தை போதும் சார்" என்றார். படித்துப் பார்த்தேன். நடை என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை. வேறு அட்டைக்கு மாற்றி ஒட்டினாலும் பொருந்தியிருக்கும், ஒட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இத்தனைக்கும் இந்தத் தொழிலுக்கு நம்மிடம் எழுதிவைத்த இலக்கணமே இருக்கிறது. சமீபத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, நன்னூலின் பாயிரப் பகுதியைத்தான் உரையோடு மறுபடி படித்தேன். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது, இதைவிடச் சமீபமாக என்னிடம் கேட்காதீர்கள். சிறப்புப் பாயிரம் என்பது அந்தக் காலத்து அணிந்துரை. அதை யார் எழுதலாம் என்று ஒரு பட்டியல் தருகிறார்: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு கூடப் படித்தவன், அவனுடைய மாணவன், அந்த நூலுக்கு உரை எழுதுகிறவன். எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு அடங்கவில்லை. இன்றைக்குப் புத்தக வெளியீட்டு மேடையில் உட்கார்ந்திருப்பவர்களும் இதே நாலு பேர்தானே! வேண்டியவர்கள் வேண்டியவர்களைப் புகழ்வது ஏதோ நம் காலத்துச் சீரழிவு என்று புலம்புகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

ஆனால் அவர்களுடைய புகழ்ச்சியில் சரக்கு இருந்தது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனாரும் கூடப் படித்தவர் என்பதுதான் மரபு. அந்தச் சின்னப் பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். எந்த நிலத்து மொழிக்கு எழுதப்பட்டது, எதை எதை ஆராய்ந்து எழுதினார், எந்த மன்னன் அவையில் அரங்கேறியது, அதங்கோட்டாசான் என்ற புலவர் முன்னால் குற்றமறச் சொல்லிக் காட்டியது, எல்லாமே இருக்கிறது. நண்பனைப் புகழத்தான் புகழ்கிறார், ஆனால் தகவல் சொல்லிவிட்டுப் புகழ்கிறார். "மனதை உலுக்கிவிட்டது, அவசியம் படிக்கவும்" என்று முடித்துக்கொண்டு போகவில்லை.

தன்னைத் தானே புகழ்வது தகாது என்றும் பவணந்தியார் கறாராகச் சொல்கிறார். உடனே அடுத்த சூத்திரத்திலேயே நாலு விலக்கும் கொடுத்துவிடுகிறார். அரசன் சபைக்கு ஓலை அனுப்பும்போது புகழலாம், தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில் புகழலாம், சபையில் வாதாடி ஜெயிக்கும்போதும் எதிராளி பழிக்கும்போதும் புகழலாம். அந்த இரண்டாவது ஓட்டை ஒன்று போதாதா? தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில்தான் வாழ்ந்துகொண்டிருப்பதாக நினைக்காத எழுத்தாளர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், நானே போய் மாலை போடுகிறேன்.

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் நன்னூல் படித்தவர் இல்லை, ஆனாலும் அந்த ஓட்டை வழியாகத் தாராளமாகப் போய்வந்தார். 1855-இல் தன் கவிதைத் தொகுப்பை வெளியிட்டுவிட்டு, பெயர் போடாமல் பத்திரிகைகளில் தானே அதற்கு மதிப்புரைகள் எழுதினார். அன்றைக்குப் பெரும்பேர் பெற்றிருந்த எழுத்தாளர் எமர்சன் தனிப்பட்ட முறையில் பாராட்டிக் கடிதம் போட, அதிலிருந்து ஒரு வரியை உருவி, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் அச்சடித்துவிட்டார். அத்தனை தகிடுதத்தத்துக்கும் மேலே அது உண்மையிலேயே பிரமாதமான தொகுப்பு. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்துக்கு எத்தனை என்று புத்தகத்துக்கு மதிப்பெண் போடுகிற பழக்கத்தை நான் மதிப்பதில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1936-லேயே சொல்லிவிட்டார், உயர்ந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சாதாரண நாவல்களை மதிப்பிடுவது யானையை நிறுக்கும் தராசில் தெள்ளுப்பூச்சியை நிறுப்பது மாதிரி என்று. முள் அசையாது. வாரா வாரம் மதிப்புரை எழுத வேண்டியவர் என்ன செய்வார், பூச்சிகளில் பெரிது எது சிறிது எது என்று பார்க்க வேறு தராசு செய்துகொள்வார். அந்தத் தராசில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஜந்துவைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் யானை என்று நினைத்து வாங்கி வருகிறீர்கள்.

சரி, உங்கள் நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிறப்புப் பாயிரம் எட்டு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். நூலாசிரியர் பெயர், நூலின் பெயர், பொருள், பயன் என்று போகிற அந்த எட்டில் ஒன்று, "கேட்போர்". இந்த நூல் யாருக்கு? நம் பரிந்துரைகளில் காணாமல் போவது இந்த ஒன்றுதான். உங்கள் நண்பர் உங்களுக்கு ஒரு புத்தகம் சொல்கிறார் என்றால், அதைப் படித்தபோது அவர் யாராக இருந்தாரோ அந்த ஆளுக்குச் சொல்கிறார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதத்தில் படித்திருப்பார், அதில் வருகிற கையாலாகாத கதாநாயகன் அவரைத் தோளில் தட்டிக் கொடுத்திருப்பான். நீங்கள் அதே புத்தகத்தைப் பதவி உயர்வு வாங்கிய கையோடு திறக்கிறீர்கள், "ஏன் இந்த ஆள் இப்படி அழுகிறான்" என்று எரிச்சல் வருகிறது. இதில் புத்தகத்தின் குற்றம் என்ன, நண்பரின் குற்றம்தான் என்ன?

நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது, "அதில் எது சரியில்லை?" என்று. நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று நன்னூல் அடுக்குகிறது, அவற்றில் "சென்று தேய்ந்திறுதல்" எனக்கு மிகவும் பிடித்தது. ஜோராகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது. பெரிய நாவல்களில் பாதிக்கு மதிப்புரையாக இந்த இரண்டு சொல்லே போதும். "முதல் இருநூறு பக்கம் அருமை, அப்புறம் தேய்கிறது, இருந்தாலும் அந்தப் பாட்டிக்காகப் படி" என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பி வாங்கலாம். குற்றமே சொல்லத் தெரியாதவர் கடைசிவரை படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். (அந்தப் பத்தில் "மற்றொன்று விரித்தல்" என்றும் ஒன்று உண்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை வளர்த்துக்கொண்டே போவது. அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேச வேண்டாம்.)

கடைசிவரை படிக்காததைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரவல் போய்த் திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்டுங்கள். முன்னுரையில் பென்சில் கோடு, முதல் அத்தியாயத்தில் "உண்மை!", ஒன்பதாம் பக்க ஓரத்தில் "ஆகா!", இருபத்தி மூன்றாம் பக்கத்தில் ஒரு தேநீர் வட்டம். அதற்கு மேல் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கும். ஜோர்டான் எலன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர் 2014-இல் இதையே வேடிக்கையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கிண்டில் என்ற மின்னூல் கருவியில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட வரிகள் புத்தகத்தின் எந்த இடத்தில் வருகின்றன என்று பார்த்தார். காலத்தைப் பற்றி ஸ்டீபன் ஹாக்கிங் எழுதிய புகழ்பெற்ற நூலில் அது சராசரியாக 6.6 சதவிகிதத்தில் நின்றது, மூலதனத்தைப் பற்றி தாமஸ் பிக்கெட்டி எழுதிய தடித்த நூலில் 2.4. அந்த இரண்டையும் பரிந்துரைத்த எத்தனை பேரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறோம்!

பாதியில் நிறுத்துவதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு விதி வைத்திருக்கிறார். ஐம்பது பக்கம் வரை பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடு. உனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதா, நூறிலிருந்து வயதைக் கழி, மிச்சம் எத்தனையோ அத்தனை பக்கம் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். நூறு வயதானால் அட்டையைப் பார்த்தே தள்ளிவிடலாம். நான் அந்தச் சலுகைக்காகவே உடம்பைக் கவனித்துக்கொள்கிறேன்.

ஐந்து புத்தகம் தானே, தருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு இரண்டு விஷயம் எழுதி அனுப்ப வேண்டும். கடைசியாக எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன்? "போர்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் பதில் கிடையாது. இரண்டாவது, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நீங்கள் திரும்பத் திரும்பப் படிக்கிற புத்தகம் எது? உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் பெயரைப் போட மாட்டோம்.