தாத்தாவின் சிப்பாய் ஓவியங்களை லண்டனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் தாத்தா விட்டுப்போன ஆல்பம் ஒன்று எங்கள் தஞ்சாவூர் வீட்டில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பெனியின் மெட்ராஸ் பட்டாளத்துச் சிப்பாய், ஹவில்தார், குதிரைப்படைக்காரர் என்று 22 நீர்வண்ண ஓவியங்கள். சிலவற்றில் சிப்பாயின் பக்கத்தில் மனைவியும் நிற்கிறாள். கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட இரண்டு பட்டாளப் படங்கள். லண்டனில் வேலை பார்க்கும் மகன், அங்கே ஏலத்தில் நல்ல விலை போகும், அடுத்த முறை வரும்போது பெட்டியில் எடுத்துப் போகிறேன் என்கிறான். எங்கும் பதிவு செய்ததில்லை. சிக்கல் வருமா? தனித்தனித் தாளாக விற்கலாமா?

பதில்: ஆல்பம் மகனின் பெட்டியில் ஏறக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டு நிறைந்த ஓவியம் தொல்பொருள். அதை நாட்டை விட்டு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு (பிரிவு 3). தனியார் விண்ணப்பித்து ஏற்றுமதி அனுமதி வாங்கும் வழி கிடையாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும் அபராதமும். பிரிவு 25 "தானாகவோ தன் சார்பில் வேறொருவர் மூலமாகவோ" அனுப்புவதையும், அனுப்ப முயல்வதையும் சேர்த்தே சொல்கிறது. மகன் விமான நிலையத்தில் மாட்டினால் வழக்கு உங்கள் பெயரிலும் வரலாம். கூரியரில் "பழைய காகிதம்" என்று எழுதி அனுப்பச் சொல்லும் ஆட்களும் உண்டு. அப்படிச் செய்தால் சுங்கச் சட்டப்படி பொய்யான விவரம் கொடுத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே எல்லாம் வயதைப் பொறுத்தது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறி, அதாவது ஆலை தாளுக்குள்ளேயே பதித்த அடையாளம், தெரியக்கூடும். 1794-க்குப் பிறகு ஆங்கிலேயத் தாள் ஆலைகள் பல ஆண்டையும் சேர்த்தே குறித்தன. "வாட்மன்" என்ற ஆங்கிலேயத் தாள் தயாரிப்பாளரின் பெயரோடு ஓர் ஆண்டு தெரிந்தால் ஓவியம் அதற்கு முந்தியதல்ல. உடுப்பும் சாட்சி சொல்லும். 1805 நவம்பரில் மெட்ராஸ் பட்டாளத்துக்குப் புது மாதிரித் தலைப்பாகையைக் கட்டாயமாக்கி ஆணை வந்தது. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்கு அதுவும் ஒரு காரணம், பிறகு ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தலைப்பாகையே படத்தில் இருந்தால் 1805-க்கு முன் போக முடியாது. ஆனால் நீர்க்குறியும் உடுப்பும் காட்டுவது கீழெல்லையை, அதாவது எந்த ஆண்டுக்கு முன் வரைந்திருக்க முடியாது என்பதை மட்டுமே. 1820-ஆம் ஆண்டுத் தாளில் 1950-இல் வரைந்த நகலும் இருக்கலாம். பழைய உடுப்புகளைப் பின்னாளில் பார்த்து வரைந்தவர்கள் நிறைய. வயதுக்குச் சாட்சியாக நிற்பவை தாத்தாவின் கணக்குப் புத்தகம், சொத்துப் பட்டியல், பழைய கடிதம், ஆல்பத்தின் உள்ளட்டையில் ஒட்டிய கடைச் சீட்டு ஆகியவையே. அவற்றை எறிந்துவிடாதீர்கள். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துத் தாள் பளிச்சென்று நீலமாக மின்னினால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தாள் என்று சந்தேகிக்கலாம்.

சட்டமிட்ட இரண்டையும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வண்ணம் ஒழுங்கான புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. 1911-இல் லவெட் என்ற அதிகாரியின் நீர்வண்ணங்களோடு வெளிவந்த புத்தகத்தின் தாள்களைக் கிழித்து, சட்டமிட்டு, கையால் வரைந்த மூல ஓவியம் என்று விற்பது வழக்கம். அச்சு என்றவுடன் ஏற்றுமதித் தடையிலிருந்து விடுதலை என்று நினைக்க வேண்டாம். 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் எதுவும் ஏற்றுமதித் தடைக்குள் வரும். தொல்பொருளை அரசிடம் பதிவு செய்யும் கட்டாயமோ அரசு அறிவிக்கையில் சொன்ன வகைகளுக்கு மட்டும்தான். தாளில் வரைந்த ஓவியம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வயது பற்றித் தகராறு வந்தால் பிரிவு 24-இன்படி இந்தியத் தொல்லியல் துறை தலைமை இயக்குநர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர் சொல்வதே முடிவு. 100 ஆண்டு ஆகாதது என்று துறையிடம் சான்று வாங்கிய படத்தை மட்டும் மகன் கொண்டு போகட்டும்.

பதிவுக்கு வருவோம். உடைமை கைக்கு வந்த 15 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் (பிரிவு 14). தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். பொருள் பறிமுதலாகவும் இடமுண்டு. இது பயமுறுத்தும் வரிதான். ஆனாலும் ஒளித்து வைப்பதைவிட, எப்படி வந்தது, ஏன் தாமதம் என்ற விளக்கக் கடிதத்தோடு நீங்களே விண்ணப்பிப்பது பாதுகாப்பானது. திருச்சி வட்டத் தொல்லியல் அலுவலகத்தில் கேட்டால் உரிய பதிவு அலுவலரைச் சொல்வார்கள். ஒவ்வொரு ஓவியத்துக்கும் முன், பின் புகைப்படம், அளவு, நீர்க்குறி, மேலே உள்ள எழுத்து ஆகியவற்றைக் குறித்து எடுத்துப் போங்கள். அதற்கு முன் ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள். ஆல்பமாகப் பதிந்துவிட்டுப் பிறகு தாளைக் கத்தரித்தால் சான்றிதழின் படமும் கையிலுள்ள பொருளும் ஒத்துப்போகாது. தொகுப்பாக இருந்தால்தான் வரிசையும் வரலாறும் நிற்கும், விலையும் கூடும்.

உள்நாட்டில் விற்கத் தடையில்லை. குடும்பச் சொத்தை ஒருமுறை விற்பது வேறு, தொடர்ந்து வாங்கி விற்பது வேறு; இரண்டாவது தொழில், அதற்கு பிரிவு 5-இன்படி உரிமம் வேண்டும். பதிவான பொருள் கைமாறினால் பிரிவு 17-இன்படி பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். லண்டன் விலை இங்கே வராது. வெளியே போக முடியாத பொருளுக்கு வாங்குபவர் வட்டம் சிறியது. இந்தச் சட்டத்தைத் தளர்த்த 2017-இல் வரைவு வெளியானது, இன்றுவரை சட்டமாகவில்லை. மகன் ஏல நிறுவனத்துக்குப் படங்களை ஸ்கேன் செய்து அனுப்பி மதிப்புக் கேட்கலாம்; தடை பொருளுக்குத்தான்.

தாத்தா உயில் எழுதவில்லை என்றால் மற்ற வாரிசுகளுக்கும் பங்கு இருக்கலாம். விற்குமுன் அவர்கள் கையெழுத்து வாங்குங்கள். வருமான வரியில் ஓவியம் சொந்த உபயோகப் பொருளாகக் கருதப்படுவதில்லை. லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. தாத்தா காலத்திலேயே வந்தது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம். அதற்கு மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும். விலையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கி வழியாகவே வரட்டும்.